ஒரு சிறு மேடு சொன்ன சேதி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"செராமிக் பத்திப் பேசு, ஆனா தூங்க வச்சிடாதே" என்று சங்கச் செயலாளர் கண்டிஷன் போட்டிருக்கிறார். அதனால் நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசுகிறேன். அடுத்தவன் தப்பைக் கேட்கும்போது யாரும் தூங்குவதில்லை!

செராமிக் என்றதும் நமக்குப் பீங்கான் கோப்பை ஞாபகம் வரும். கீழே போட்டால் உடையும். ஆனால் சிர்க்கோனியா என்று ஒரு செராமிக் இருக்கிறது. அதன் மூலமான சிர்க்கான், நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் வைக்கும் பந்து, பல்லுக்குப் போடும் தொப்பி எல்லாம் இதில் செய்திருக்கிறார்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு உறுதி? சுத்தமான சிர்க்கோனியாவின் படிக அமைப்பு சூட்டைப் பொறுத்து மாறும். சுமார் 1170 டிகிரி செல்சியஸுக்கு மேலே டெட்ராகனல் என்ற அமைப்பு. அதற்குக் கீழே மோனோகிளினிக். ஆறும்போது ஒன்று மற்றொன்றாக மாறும். கன அளவு 4 முதல் 5 சதவீதம் பெருகும். ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்தால் என்ன ஆகும் என்று வீட்டில் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான், பொருள் வெடித்துவிடும். அதனால் 3 மோல் சதவீதம் யிட்ரியா கலந்து, துகள்களையும் ஒரு மைக்ரானுக்குக் கீழே பொடியாக வைத்தால், டெட்ராகனல் அமைப்பு அறை வெப்பத்திலும் மாறாமல் காத்துக்கொண்டு நிற்கும். எங்கேயாவது விரிசல் வந்தால் அதன் நுனியில் உள்ள துகள்கள் மட்டும் மாறிப் பெருத்து, விரிசலை நெருக்கி நிறுத்தும். 1975-ல் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் இந்த உத்தியை வெளியிட்டார்கள்.

ஆனால் காப்பாற்றும் அதே மாற்றம், ஈரம் பட்டால் காரணமில்லாமல் மேற்பரப்பில் தானே தொடங்கிவிடும். 1981-லேயே ஜப்பானில் கோபயாஷி குழுவினர் இதைச் சொன்னார்கள். உடம்புக்குள் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? 2001-ல் ஐரோப்பியத் தயாரிப்பான சில பந்துத் தொகுதிகள், உலையை மாற்றியதன் விளைவாக, நோயாளிகளின் இடுப்புக்குள்ளேயே உடைந்தன. நூற்றுக்கணக்கானோர் மறுபடி அறுவை மேசைக்குப் போக வேண்டியதாயிற்று.

இரண்டு வருஷம் கழித்து, 2003-ல், ஒரு தயாரிப்பாளர் எங்கள் ஆய்வகத்துக்குத் தம் சிர்க்கோனியா வில்லைகளை அனுப்பி, "ஈரத்தைத் தாங்குமா?" என்று கேட்டார். பாலிஷ் போட்ட வில்லையை 134 டிகிரி நீராவியில் ஒவ்வொரு மணி நேரமாக வைத்து எடுப்போம். அந்த ஒரு மணி நேரம், உடம்பின் 37 டிகிரியில் மூன்று நான்கு வருஷத்துக்குச் சமம் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். பிறகு எக்ஸ்-ரே சோதனை. அடுத்து அணுவிசை நுண்ணோக்கி, அதாவது ஏ.எஃப்.எம்.

1986-ல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் கொடுத்த கருவி அது. பெயர்தான் நுண்ணோக்கி, பார்ப்பதில்லை, தடவுகிறது. கிராமபோன் முள் மாதிரி, நுனி சுமார் 10 நானோமீட்டர் ஆரமுள்ள ஊசி ஒரு மெல்லிய பட்டையின் முனையில் இருக்கும். மேற்பரப்பில் அது ஏறி இறங்கும்போது, பட்டையின் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியும் அசையும். அதை வைத்து மேடு பள்ளத்தை ஒரு நானோமீட்டருக்கும் நுட்பமாக அளக்கலாம். ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பி வர, வைர முனையால் குத்தி அடையாளம் வைத்திருந்தோம்.

முதல் மணி நேரம் முடிந்தது. எக்ஸ்-ரேயில் மோனோகிளினிக் துளியும் இல்லை. ஆனால் ஏ.எஃப்.எம். படத்தில் ஒரு கீறலை ஒட்டிச் சின்னச் சின்ன மேடுகள், இருபது முப்பது நானோமீட்டர் உயரம். என் மாணவி, "சார், இது நேத்து இல்லை" என்றாள். நான், "தூசும்மா. பாலிஷ் சரியில்லை. திரும்பப் போடு" என்றேன். போட்டாள். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. "ஒரு மணி நேரத்தில் மாற்றம் இல்லை" என்று தயாரிப்பாளருக்குக் கடிதமும் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவள் ஒரு தாளோடு வந்தாள். நான் தூசு என்று தள்ளிய படத்தைச் சேமித்து வைத்திருந்தாள். "தூசுன்னா ஊசி பட்டு நகரணும் சார். இது மூணு தடவை தடவியும் நகரலை. உச்சி எல்லாம் நேர்க்கோடா இருக்கு. ஒரு துகளுக்குள்ள சரிவெல்லாம் ஒரே கோணம்" என்றாள். ஓட்டுக் கூரை வரிசை மாதிரி! தூசு அப்படி அடுக்கி உட்காராது. படிகம் மாறும்போது பெருப்பதோடு சாயவும் செய்யும். அந்தச் சாய்வுதான் அது.

புது வில்லை எடுத்தோம். முதல் மணியில் அதே மேடுகள். இரண்டாவது மணியில் பக்கத்துத் துகள்களுக்கும் பரவின. ஒன்று பெருத்தால் அயலானை நெருக்கும், நுண்விரிசல் விழும், அதன் வழியே ஈரம் உள்ளே இறங்கும். எக்ஸ்-ரே இதைச் சொன்னது பல மணி நேரம் கழித்துத்தான். அது ஒரு பெரிய பரப்பின் சராசரியைச் சொல்வது. சில சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதன் கண்ணில் படாது. ஏ.எஃப்.எம்.முக்கும் குறை உண்டு. உயரத்தைச் சொல்லும், அது எந்தப் படிகம் என்று சொல்லாது. இரண்டும் சேர்ந்தால்தான் சாட்சி முழுமை.

என் பாலிஷ் என்ன செய்தது? உயரத்தை மட்டும் சீவியது. அடியில் மாறிய துகள் மாறியபடியே இருந்தது. நான் அழித்தது குறையை அல்ல, குறையின் அடையாளத்தை.

"முதல் கடிதம் தவறு" என்று தயாரிப்பாளருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். எழுதக் கை கூசியது. ஆனால் அந்த வில்லை பந்தாகி ஒருவர் இடுப்புக்குள் போயிருந்தால், கூச்சத்தோடு முடிந்திருக்காது. ஆய்வறிக்கையில் மாணவி பெயரை முதலில் போட்டேன். அது நியாயம், பெருந்தன்மை இல்லை.

அன்று இரவு நம் இயற்பியல் ஆய்வகம் ஞாபகம் வந்தது. ரெக்கார்டு நோட்டில் தப்பான அளவை ரப்பரால் அழித்ததற்கு நம் ஆசிரியர் என் நோட்டையே தூக்கிப் போட்டாரே, என் பெஞ்சுக்காரர்களுக்கு மறந்திருக்காது! "அழிக்காதேடா, ஒரு கோடு போட்டு அடி. கீழே இருக்கிறது தெரியணும்" என்பார். பதினேழு வயதில் அது வெறும் கெடுபிடியாகத் தெரிந்தது. அதன் அர்த்தம் புரிய எனக்கு இருபது வருஷமும் ஒரு மாணவியும் தேவைப்பட்டது.

தம்பிகளே, தங்கைகளே, நாளை உங்கள் அளவில் ஒரு சின்ன மேடு வரும். தேய்ப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வையுங்கள். தேதி போட்டு வையுங்கள். பெரியவர் ஒருவர் தூசு என்று சொன்னாலும் வையுங்கள். அந்தப் பெரியவர் நானாக இருந்தாலும் சரி.