தாய்மாரைக் காக்கும் மருந்து



மகவு பிறந்தவுடன் குருதிப் பெருக்கைத் தடுத்துத் தாயுயிர் காப்பது ஆக்சிடோசின் என்னும் ஊசி மருந்து. 1953இல் இதனைச் செயற்கையாய் ஆக்கிய டு விக்னோ என்னும் அறிஞர் 1955இல் நோபல் பரிசு பெற்றார்.

கறவை மாடுகளுக்குப் போட்டுப் பால் கறக்கின்றனர் என்று கூறி, 2018இல் நடுவணரசு, உள்நாட்டுப் பயனுக்குத் தனியார் இதனைச் செய்தலைத் தடுத்து, பெங்களூர்ப் பொதுத்துறை நிறுவனமாம் கர்நாடக ஆன்டிபயாட்டிக்ஸுக்கே உரிமை அளித்தது. மருந்து தட்டுப்படின் தாய்மார் மடிவரன்றோ? ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி நின்றால் பின்வருவன யாவும் நிற்கும் என்பதை இருப்புப்பாதை ஊழியராகிய நாம் அறிவோம். அவ்வாண்டு டிசம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் அவ்வாணை செல்லாதென்றது.

இம்மருந்து வெம்மையில் வீரியம் இழக்கும். ஆகவே, சாம்பியன் ரீப்ஸ் அன்பர்களே, பேறுகாலத்திற்கு மருத்துவமனை நாடுங்கால், மருந்து உளதா, குளிர்ப்பெட்டியில் உளதா என்று வினவுவோமாக!