மழை பதில் சொல்லாது
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் கம்பரைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ பேசுவது வழக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் யாம் அத்தகைய பெரும் பொருளைத் தொட அஞ்சுகிறோம். ஆகவே எமக்கும் உங்களுக்கும் நன்கு தெரிந்த மழையைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

ஆகுர்டியில் வாழ்வோர்க்கு மழையை வருணித்துக் காட்ட வேண்டுவதில்லை. ஜூன் மாதத்தில் லோணாவளா மலைமீது கருமேகம் ஏறிவிட்டால், செப்டம்பர் வரை நம் வீடுகளில் குடை காய்வதில்லை. மழையால் விளையும் இடர்கள் பல. அவற்றைப் பற்றி யாம் பேச வரவில்லை. நம் தவறுக்கு மழையைச் சாட்சியாக அழைக்கும் வழக்கம் ஒன்று நம்மிடம் உண்டு. அதனைப் பற்றியே பேச வந்தோம்.

முதலில் ரயில்வேக்காரர் எவரும் மறக்கலாகாத ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் இரவு, சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. அந்நாட்களில் அப்பகுதியில் பெருமழை. அரியலூருக்கும் கல்லகத்திற்கும் இடையே ஓடும் மருதையாற்றில் வெள்ளம் கரைபுரண்டது. ரயில் பாலம் பழுதுற்றது. 23-ஆம் நாள் வைகறையில், பயணிகள் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், வண்டி அங்கே வந்தது. எஞ்சினும் அதனை அடுத்த பெட்டிகளும் வெள்ளத்தில் வீழ்ந்தன. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊருக்குப் போய்ச் சேருவோம் என்று கண்ணயர்ந்தவர்கள் அவர்கள்.

அப்போது ரயில்வே மந்திரியாக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. பாலத்தைக் கட்டியவர் அவரல்லர். வண்டியை ஓட்டியவர் அவரல்லர். மழையை வருவித்தவரும் அவரல்லர். ‘இயற்கையின் சீற்றம்’ என்று ஓர் அறிக்கை விடுத்திருந்தால், அதனைப் பொய்யென்று கூறியிருக்க இயலாது. ஆயினும் அவர் தார்மிகப் பொறுப்பு தம்முடையதென ஏற்று ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். அதற்கு மூன்று மாதங்களுக்குள்ளாகவே, 1956 செப்டம்பரில், மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து 100-க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் அவர் விலக முன்வந்ததுண்டு. பிரதமர் நேரு அப்போது இசையவில்லை. இம்முறை இசைந்தார். விபத்துக்கு சாஸ்திரி காரணர் என்பதற்காக அன்று, அரசியல் ஒழுக்கத்திற்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காகவே ராஜிநாமாவை ஏற்பதாகப் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தார்.

‘மந்திரி விலகினார், மாண்டவர் மீண்டனரா?’ என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. பதவி விலகுவதால் மட்டும் ஒரு பாலம் பலப்படுவதில்லை. ஆனால் அந்தக் கடிதம் ஒன்றைச் செய்தது. இத்தனை உயிர் போனதற்கு வானத்தை நோக்கிக் கைகாட்டாமல், ‘கேள்வியை என்னிடம் கேளுங்கள்’ என்று ஒரு மனிதர் எழுந்து நின்றார். பாலத்தை யார் பார்த்தார்கள், வெள்ளம் ஏறுவதை யார் கவனித்தார்கள், வண்டியை ஏன் நிறுத்தவில்லை என்ற வினாக்கள், பதில் சொல்ல ஓர் ஆள் நின்றால்தான் பிறக்கும். மழையிடம் இவற்றைக் கேட்க முடியாது. அது பதில் சொல்லாது.

மழை மெய்யாகவே காரணமாக இருக்கும் இடத்திலும், மனிதன் செய்யத்தக்கது எப்போதும் ஒன்று எஞ்சி நிற்கிறது. நமக்கு அருகே உள்ள போர்க் கணவாயைப் பாருங்கள். கர்ஜத்திற்கும் லோணாவளாவிற்கும் இடையே மழைக்காலம் முழுவதும் ரோந்துத் தொழிலாளர்கள் இரவில் கைவிளக்குடன் இருப்புப்பாதை வழியே நடக்கிறார்கள். பாறை உருண்டதா, மண் சரிந்ததா என்று பார்ப்பது அவர்கள் வேலை. பாதை பழுதென்று கண்டால் தண்டவாளத்தின்மேல் சிறு வெடிகளை வைப்பர்; சக்கரம் ஏறியதும் அவை வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். நாம் பம்பாய் வண்டியில் போர்த்திக்கொண்டு உறங்கும்போது, நனைந்த சட்டையுடன் ஒருவர் நமக்காக நடக்கிறார். மழையை நிறுத்த அவரால் ஆகாது. மழைக்கும் விபத்துக்கும் நடுவில் தம் கடமையை வைத்து நிற்கிறார்.

மேல்நாட்டிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. ஸ்காட்லாந்தில் டே ஆற்றின்மீது கட்டிய நீண்ட ரயில் பாலம் 1879 டிசம்பர் 28-ஆம் நாள் இரவு, கடும் புயலில் இடிந்தது. அதன்மேல் சென்றுகொண்டிருந்த வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. புயல் அடித்தது உண்மை. ஆயினும் விசாரணை புயலோடு நின்றுவிடவில்லை. பாலத்தின் அமைப்பிலும் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் குறை இருந்ததென்று கண்டது. புயல் வந்தது ஓர் இரவு. குறையோ முன்னரே அங்கிருந்தது.

இப்போது எம் கதைக்கு வருகிறோம். உங்களிற் சிலர் அதனை அரைகுறையாக அறிவீர்கள். முழுமையாகச் சொல்லிவிடுவதே முறை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜூலை மாதத்தில் ஒரு மாலை, ஸ்டேஷன் பக்கத்திலிருந்து எம்முடைய பழைய காரை ஓட்டி வந்தோம். நல்ல மழை. பின் இருக்கையில் எம் மகன் இருந்தான். முன்னே கீரைக் கூடையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் சென்ற முதியவர், பள்ளத்தில் இறங்காமலிருக்கச் சற்றே வலப்புறம் ஒதுங்கினார். பிரேக்கை அழுத்தினோம். கார் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போய் அவரைத் தள்ளியது.

அந்தக் கணத்தில் எம் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தையும் மறைக்க விரும்பவில்லை. போய்விடலாம் என்று தோன்றிற்று. கூட்டம் கூடும், அடிப்பார்கள், நாம் அயலூரார், உத்தியோகம் என்ன ஆகுமோ என்றெல்லாம் ஒரே நொடியில் ஓடிற்று. பதினெட்டு ஆண்டுகள் இவ்வூரில் வாழ்ந்தும், மராத்தியில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. ஆனால் கூடியவர்கள் எம்மை அடிக்கவில்லை. ஒருவர் பெரியவரின் தலையைத் தாங்கினார். ஒருவர் எம் கார்க் கதவைத் திறந்து, ‘உச்லா, உச்லா’ என்று தூக்கச் சொன்னார். மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். தொடை எலும்பு முறிந்திருந்தது.

பெரியவரின் மகள் ஓடி வந்தாள். ‘மழையம்மா, சாலை வழுக்கிவிட்டது’ என்றோம். அவள் எம்மை நிமிர்ந்து பார்த்து, ‘மழை எல்லார்மேலுந்தானே பெய்தது?’ என்று மராத்தியில் கேட்டாள். வேறொன்றும் பேசவில்லை. போலீஸ்காரர் வந்து கேட்டபோதும் யாம் மழையையே சொன்னோம்.

வீடு திரும்பியதும் தாய் பதறிக் கேட்டதற்கு எம் மகன் விடை கூறினான்: ‘அப்பாமேல் தப்பில்லையம்மா. மழைதான்.’ அச்சொல் எம்மை உறங்கவிடவில்லை. காரணம் இதுதான். மே மாதத்தில் வண்டியைப் பார்த்த மெக்கானிக், முன் டயர் இரண்டும் வழவழவென்று தேய்ந்துவிட்டன, மழைக்கு முன் மாற்றிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். பள்ளிக் கட்டணம் கட்டும் மாதம். அடுத்த சம்பளத்தில் பார்ப்போம் என்று தள்ளினோம். அடுத்த சம்பளமும் வந்து போயிற்று. மெக்கானிக் சொன்னபோது எம் மகனும் பக்கத்தில் நின்றிருந்தான். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ‘மழைதான்’ என்றான். தகப்பனைக் காப்பாற்ற, தகப்பன் சொன்ன பொய்யையே பிள்ளை எடுத்து ஆண்டான்.

மறுநாள் காலை போலீஸ் நிலையம் சென்று, டயர் தேய்ந்திருந்ததையும், அந்த மழைக்கு யாம் ஓட்டிய வேகம் மிகுதி என்பதையும் சொன்னோம். அவனையும் உடன் அழைத்துச் சென்றோம்.

நண்பர்கள் அன்பினால் எம்மைக் கடிந்துகொண்டனர். ‘இன்ஷூரன்ஸ் பாலிசியிலேயே, கம்பெனியின் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறதே’ என்றனர். இருப்பது உண்மை. அந்த நிபந்தனை, நஷ்ட ஈட்டுப் பேரத்தை நாமாகப் பேசி முடித்துவிடக் கூடாது என்பதற்காக. நடந்ததைத் திரித்துச் சொல்ல அது எவர்க்கும் உரிமை தரவில்லை. தொகையைத் தீர்ப்பாயம் முடிவு செய்யட்டும்; உண்மையை நாம் சொல்லிவிடலாம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநரின் கடமையைத் தெளிவாக வகுத்துள்ளது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க இயன்றதெல்லாம் செய்ய வேண்டும். போலீஸ் கேட்டால் விவரம் தர வேண்டும். இல்லையெனில் விரைவில், எப்படியும் 24 மணி நேரத்திற்குள், நிலையத்தில் அறிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத வேண்டும். கூட்டத்தின் வெறிக்கு அஞ்சி நிற்க இயலாத நிலையையும் சட்டம் அறிந்தே விதிவிலக்குத் தந்திருக்கிறது. அப்போதும் போலீசுக்கு அறிவிக்கும் கடமை தீர்வதில்லை. 2019-இல் சேர்த்த 134அ பிரிவு, அடிபட்டவரை எடுத்துச் செல்லும் வழிப்போக்கருக்குப் பாதுகாப்புத் தருகிறது. எம் கார்க் கதவைத் திறந்தவரைப் போன்றோர் இனி அஞ்ச வேண்டுவதில்லை.

எம் வழக்கு நடந்தது, அபராதம் கட்டினோம். அலுவலகத்திலும் விளக்கம் எழுதிக் கொடுத்தோம். நஷ்ட ஈட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி செலுத்திற்று. பெரியவர் இப்போது கோலூன்றி நடக்கிறார், சைக்கிள் ஏறுவதில்லை. அவருடைய மகள் இன்றும் எம்மோடு அதிகம் பேசுவதில்லை. அதனை மாற்ற எந்தத் தீர்ப்பாயத்தாலும் ஆகாது. பொறுப்பை ஏற்றால் பாரம் இறங்கிவிடும் என்று எவரேனும் கூறினால் நம்பற்க. பாரம் இறங்குவதில்லை; உரிய தோளில் வந்து அமர்கிறது, அவ்வளவே.

திருவாரூர்க் கதையை நம் குழந்தைகளுக்குச் சொல்லித்தானே வளர்க்கிறோம்? மனுநீதிச் சோழன் மகனுடைய தேர்க்காலில் கன்று விழுந்து மாண்டது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. துள்ளி வந்த கன்றை அவன் காணவும் இல்லை. பிராயச்சித்தம் போதுமென்று அமைச்சர்கள் வழி சொன்னார்கள். மன்னன் இணங்கவில்லை. அவன் விதித்த தண்டனையை இக்காலத்தில் எவரும் பின்பற்ற வேண்டா. ஆனால் கன்றை இழந்த பசு மணியை அடித்தபோது, அவ்வொலி தன்னை நோக்கி எழுந்தது என்று அவன் உணர்ந்தானே, அதனை எடுத்துக்கொள்வோம். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை வைத்திருப்பது அதற்காகவே என்று யாம் கருதுகிறோம்.

முடிவாக, காலனி அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி டயரையும் பிரேக்கையும் கண்ணாடி துடைப்பானையும் பார்த்துவிடுவோம். காரின் டயர் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றியே தீர வேண்டும். நனைந்த சாலையில் வண்டி நிற்க, காய்ந்த சாலையைப் போல் இரு மடங்கு தூரமேனும் வேண்டும் என்பதையும் ஓட்டுவோர் நினைவில் கொள்ளட்டும். கையில் பணமில்லாதவர் கூசாமல் சொல்லட்டும். சங்கத்து நிதியிலிருந்து கடன் கொடுத்து, தவணையில் வாங்கிக்கொள்வோம். அன்று எமக்குக் கேட்க வாய் வரவில்லை. அடுத்தவருக்கு அந்தக் கூச்சம் வேண்டா.

இரண்டாவது, நம்மில் எவர்க்கேனும் விபத்து நேர்ந்தால், அவர் தனியே நிற்கும்படி விடாதீர்கள். இருவர் உடன் செல்லுங்கள். தப்பிக்க வழி சொல்வதற்காகச் செல்ல வேண்டா. அடிபட்டவர் கட்டிலருகிலும் போலீஸ் நிலையத்திலும் அவர் உண்மையைச் சொல்லும்போது பக்கத்தில் நிற்பதற்காகச் செல்லுங்கள். அயலூரில் சங்கம் என்று ஒன்று வைத்திருப்பதன் பயன் அதுவே.

இந்த ஆண்டும் மழை வரும், நன்றாகவே பெய்யட்டும். எம் மகன் சென்ற மே மாதத்தில் தானே குனிந்து டயரைப் பார்த்துவிட்டு, ‘இன்னும் ஓராண்டு ஓடும் அப்பா’ என்றான். அவன் சொன்னதை யாமும் ஒருமுறை குனிந்து சரிபார்த்தோம்.