எத்தனையாம் வரி?

சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு



கணினி ஒரு பட்டியலை வாசித்துக்கொண்டு போகையில், தான் நிற்பது எத்தனையாம் வரியில் என்பதை எவ்வாறு அறிகிறது? இதுவே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம். “ஒன்று, இரண்டு என்று எண்ணினால் போயிற்று, இதற்கு ஒரு பேச்சா?” என்று நண்பர் சிலர் முறுவலிப்பது தெரிகிறது. எண்ணுவது சுலபந்தான். எதை எண்ணுவது, எப்போது எண்ணுவது என்பவற்றில்தான் சங்கடம் இருக்கிறது.

ஒரு தோட்டத்தின் பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். வரிக்கு ஓர் ஆளாகப் பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை இலக்கம், விலாசம் எல்லாம் எழுதி ஆயிரம் பேரைச் சேர்த்திருக்கிறார்கள். அதை வாசிக்கும் கணினி ஓரிடத்தில் அட்டை இலக்கத்தில் ஓர் எண் குறைவதைக் காண்கிறது. “பிழை உண்டு” என்று மாத்திரம் அது சொல்லி நின்றுவிட்டால் யாருக்கு என்ன பயன்? ஆயிரம் பேரையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியதுதான். “412ஆம் வரியில் பிழை” என்று சொன்னாலோ, நேரே அந்த இடத்தில் விரலை வைத்துவிடலாம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் நம் மக்கள் கடதாசியும் கையுமாக அலைந்த கதை இங்குள்ள பெரியவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதிவேட்டின் ஒரு வரி என்பது நம்மவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவர்கள் நன்கறிவார்கள்.

நாம் ஒரு தாளைப் பார்க்கும்போது முழுப் பக்கமும் ஒரே பார்வையில் கண்ணில் படுகிறது. கணினிக்கு அந்த வசதி இல்லை. பீலியில் தண்ணீர் விழுவது போல எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதனிடம் வந்துகொண்டிருக்கின்றன. விழுந்த தண்ணீர் ஓடிவிட்டது. இனி விழப்போவது இன்னும் தெரியாது. வரி முடிகிறது என்பதும் அந்த ஓட்டத்திலேயே வருகிற ஒரு குறிதான், கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து. ஆகையால் வாசிக்கத் தொடங்குமுன் ஒன்று என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறி வருந்தோறும் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஓடும்போதே எண்ணாவிட்டால் பிறகு எண்ண வழியில்லை. மீண்டும் முதலிலிருந்து வாசிக்கத்தான் வேண்டும்.

அந்தக் குறியாவது எங்கும் ஒன்றாக இருக்கிறதா? இல்லை. பழைய தட்டச்சுப் பொறியைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். கைப்பிடியைத் தள்ளினால் தாள் ஒரு வரி மேலேறும். உருளையும் ஆரம்ப இடத்துக்குத் திரும்பும். டெலிபிரிண்டரில் இவை இரண்டு தனித்தனிக் கட்டளைகள். திரும்புவதற்கு 13 என்றும், அடுத்த வரிக்கு இறங்குவதற்கு 10 என்றும் இலக்கம் இட்டார்கள். பின்னர் வந்த கணினிகளில் யூனிக்ஸ் 10ஐ மாத்திரம் எடுத்துக்கொண்டது. பழைய மக்கின்டொஷ் 13ஐ எடுத்துக்கொண்டது. விண்டோஸோ இரண்டையும் சேர்த்தே எழுதுகிறது. யோசனையின்றி இரண்டையும் தனித்தனியாக எண்ணுகிறவன், 412ஆம் வரி வருமுன்பே எண்ணூற்றைத் தாண்டிவிடுவான்! ஜாவா மொழியில் வரி எண்ணுவதற்கென்றே உள்ள வாசிப்புக் கருவி இம்மூன்று வகையையும் அறிந்து, 13ஐத் தொடர்ந்து 10 வந்தால் இரண்டையும் ஒரே முடிவாகக் கொள்கிறது.

அந்தக் கருவி பூச்சியத்தில் தொடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு வரியை வாசித்த பிறகு கேட்டால் ஒன்று என்று சரியாகவே சொல்லும். வாசிக்குமுன் கேட்டால் பூச்சியம் என்னும். கொழுந்தெடுக்க நிரை பிடிக்கும்போது பாதையோரத்து நிரையைச் சேர்த்து எண்ணுவதா, விட்டு எண்ணுவதா என்று எழும் தர்க்கத்தைப் போன்றது இது. எப்படியும் எண்ணலாம், எல்லோரும் ஒரே மாதிரி எண்ண வேண்டும், அவ்வளவுதான். (நிரை, வரி, நாம் குடியிருக்கும் லயன் ஆகிய மூன்றும் பொருளால் ஒரே சொல் என்பது வேடிக்கைதான்.) அன்றியும் சில நிரல்கள் அடுத்து வருவது என்ன என்று ஒரு வரியை முன்கூட்டியே எட்டிப் பார்த்துவிடும். அப்போது எண் 413 ஆகிவிட்டது. பிழையோ 412இல் இருக்கிறது. வரியைக் கையில் எடுத்த கணத்திலேயே அதன் எண்ணையும் அதனோடு முடிந்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இனி நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்வோம். நகரத்தில் இருப்பவர் வீட்டிலக்கமும் வீதியும் எழுதி ஒரே வரியில் விலாசத்தை முடித்துவிடுவார். நம் விலாசம் அப்படியா? லயன் இலக்கம் ஒரு வரி, டிவிஷன் ஒரு வரி, தோட்டம் ஒரு வரி, ஹட்டன் ஒரு வரி. பட்டியலில் தட்டுகிறவரும் இதை ஒரே கட்டத்துக்குள் நான்கு வரியாகவே தட்டி, இருபுறமும் மேற்கோள் குறி இட்டுவிடுகிறார். மேற்கோளுக்குள் வருகிற வரிமுடிவு ஆளின் முடிவு அன்று. ஆயினும் வரியை எண்ணுகிறவனுக்கு அதுவும் ஒரு வரிதான். ஆகவே 412ஆம் வரி வேறு, 412ஆம் ஆள் வேறு ஆகிவிடுகின்றன. கணினி வரியைச் சொல்ல, திருத்துகிறவர் ஆளை எண்ணினால், பிழையுள்ளவர் பிழையோடே இருப்பார்; ஒரு பாவமும் அறியாத வேறொருவருடைய இலக்கம் மாற்றப்பட்டுவிடும். மேற்கோள் குறியை மூட மறந்தாலோ இன்னும் மோசம். கணினி முடிவைத் தேடிக்கொண்டே போய், கடைசி வரியில் நின்று “இங்கே பிழை” என்று கைவிரிக்கும். அங்கே போய்ப் பார்த்தால் ஒரு குற்றமும் இராது. அதனால் நாம் இரண்டு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்: வரிக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. ஆள் தொடங்கிய வரியையும் மறவாமல் குறித்துவைத்து, “இந்த வரியில் தொடங்கிய இத்தனையாம் ஆள்” என்று சொல்லச் செய்ய வேண்டும்.

எழுதப்பட்ட வரி வேறு, பொருளின் வரி வேறு என்பது தமிழருக்குப் புதிதன்று. ஏட்டுச் சுவடியில் பாட்டை அடியடியாகப் பிரித்து எழுதவில்லை. ஓலை முடியும் மட்டும் தொடர்ந்து எழுதிச் சென்றார்கள். அடி எங்கே முடிகிறது என்பதை யாப்பறிந்தவரே கண்டு எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையை நம் முன்னோர் எவ்வளவு மதித்தார்கள் என்றால், அகவற் பாக்களை அடியளவைக் கொண்டே நூல்களாக வகுத்தார்கள். குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31. முல்லைப்பாட்டு 103 அடி, மதுரைக்காஞ்சி 782 அடி என்பன ஓலையின் வரிகள் அல்ல, பாட்டின் அடிகள். மிஷன் பாடசாலையில் படித்த நமக்கு அதிகாரம், வசனம் என்று இடம் சொல்லும் பழக்கமும் உண்டு. அச்சுக்கு அச்சு பக்க எண் மாறும்; வசன எண் பெரும்பாலும் மாறாது.

பல பட்டியல்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும்போதும் இரண்டு எண்ணிக்கை தேவைப்படும். 1977இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆகோ, வைன்பர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் ஆக்கிய ‘ஆக்’ மொழியில் இதற்கு ஏற்பாடு உண்டு. ஓர் எண் ஆரம்பம் முதல் ஓடிக்கொண்டே இருக்கும். மற்றது ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்றிலிருந்து தொடங்கும். மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் தனித்தனிச் செக்ரோல், தோட்டம் முழுவதற்கும் ஒரு மொத்தக் கணக்கு என்பது போலவே.

தமிழ் எழுத்தால் வரி எண் குழம்பாதா என்று ஒரு நண்பர் முன்னரே கேட்டிருந்தார். குழம்பாது. இன்று வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘கொ’ என்பது கண்ணுக்கு ஒரே எழுத்தாயினும் கணினிக்கு இரண்டு குறி, ஆறு பைட்டு. ஆகவே வரியில் எத்தனையாம் எழுத்து என்று கணினி சொல்வதை நம்பிவிடக் கூடாது. ஆனால் வரிமுடிவின் 10 என்ற பைட்டு எந்தத் தமிழ் எழுத்தின் நடுவிலும் வராதபடி அம்முறை அமைந்திருக்கிறது. எழுத்தெண் தவறினாலும் வரி எண் தவறாது.

நான்கு வரி விலாசத்தோடு கூடிய மாதிரிப் பட்டியல் ஒன்றைப் பொய்ப்பெயர்கள் இட்டுத் தயாரித்து, பக்கத்து அறையிலுள்ள கணினியில் வைத்திருக்கிறோம். மூன்று பிழைகள் அதில் இருக்கின்றன. தேநீருக்குப் பின் விருப்பமுள்ளவர்கள் வந்து, அவை எத்தனையாம் வரியில், எத்தனையாம் ஆளிடம் என்று கண்டுபிடித்துச் சொல்லலாம்.