அருகிருந்தும் அறியாதவை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளி இறுதி வகுப்போடு கல்வியை நிறுத்தி, புகைவண்டி நிலையத்தில் எழுத்தராகக் காலம் தள்ளும் எம்மைப் போன்றோர்க்கு வரலாறு பேசும் தகுதி உண்டா என்று சிலர் எண்ணக்கூடும். எனினும் பயணச்சீட்டுச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருப்போர்க்கு ஒரு செய்தி நன்கு தெரியும்: மக்கள் எங்கெங்குச் செல்கின்றனர் என்பதும், எங்கெங்குச் செல்வதில்லை என்பதும். அந்தச் 'செல்லாத' ஊர்களைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகின்றோம்.

முதற்கண் சற்றுத் தொலைவு சென்று வருவோம். நடு ஆசியாவில் உசுபெக்கு நாடு என்றொரு நாடு உண்டு. பாபர் பிறந்த ஆண்டிசான் நகரம் அந்நாட்டில்தான் உள்ளது. இக்காலத்தில் நம்மவர் பலர் அந்நாட்டிற்கு இன்பச் செலவு சென்று வருகின்றனர். சென்றோர் யாவரும் சமர்க்கந்து, புகாரா, கீவா என்னும் மூன்று நகரங்களையே கண்டு, நீலநிற மாடங்களின்முன் நின்று படம் எடுத்துத் திரும்புகின்றனர். ஆனால் அந்நாட்டின் வடமேற்கில், பாலைவனத்தின் விளிம்பில், அயாசு கலா, தோப்ரக்கு கலா முதலிய மண்கோட்டைகள் காற்றுக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்து நிற்கின்றன. அப்பகுதிக்கு 'ஐம்பது கோட்டை' என்னும் பொருள்படும் பெயரே வழங்குகின்றது. 1937ஆம் ஆண்டு முதல் தால்சுத்தோவ் என்னும் உருசிய அறிஞர் தலைமையில் ஆராய்ச்சிக் குழுவினர் அங்கே மணலை அகற்றிப் பழைய குவாரசம் நாட்டின் வாழ்வை வெளிப்படுத்தினர். இவ்வளவு இருந்தும் அவ்விடம் செல்வோர் சிலரே.

அப்பாலைவனத்தின் பெயர் கிசில்கூம். அச்சொல்லின் பொருள் யாது தெரியுமா? 'செம்மணல்' என்பதே! செம்மணற்பாலை நம் நாட்டிலும் ஒன்று உண்டு. பாறசாலையில் வண்டி ஏறினால் ஒரே நாளில் அதனை அடையலாம். அதனைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவோம்.

நம் வீடுகளுக்கு உறவினர் வந்தால் என்ன செய்கின்றோம்? திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவில், பத்மநாபபுரம் அரண்மனை, கன்னியாகுமரி என்னும் மூன்றையும் காட்டி அனுப்பிவிடுகின்றோம். அவை காணத்தக்கனவே, ஐயமில்லை. ஆயின் இடைப்பட்ட ஊர்கள் யாவும் வண்டிச் சாளரத்தின் வழியே ஓடி மறைகின்றன.

நெய்யாற்றின்கரைக் கிருட்டிணன் கோவில் வளாகத்தில் பட்டுப்போன பலாமரத்தின் அடிப்பகுதி ஒன்று காக்கப்பட்டு வருகின்றது. 'அம்மச்சிப் பிலாவு' என்பது அதன் பெயர். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மர், இளமையில் பகைவர் துரத்தியபோது இம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. ஓர் அரசின் வரலாறு ஒரு மரப்பொந்தில் தங்கிப் பிழைத்ததென மக்கள் நம்பி வந்துள்ளனர் என்பதே நினைக்கத்தக்கது.

அங்கிருந்து சிறிது தொலைவில், நெய்யாற்றின் கரையில் அருவிப்புறம் உள்ளது. 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயண குரு அங்கே சிவலிங்கத்தை நிறுவினார். கோவிலுக்குள் நுழையும் உரிமையே மறுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர் தாமே தெய்வத்தை நிறுவிய செயல், கேரள நாட்டின் வரலாற்றைத் திருப்பிவிட்ட செயல். அப்பெரியார் மலையாளத்திலும் வடமொழியிலும் மட்டுமன்றித் தமிழிலும் பதிகங்கள் இயற்றியவர் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனைபேர் அறிவர்?

கடற்பக்கம் திரும்புவோம். விழிஞத்தில் எழுந்துள்ள பெருந்துறைமுகத்தைப் பற்றி அறியாதார் இலர். 2025ஆம் ஆண்டு மே மாதம் அது நாட்டிற்கு ஒப்படைக்கப்பட்டது. மலைபோன்ற கப்பல்கள் அங்கே வந்து நிற்கின்றன. அவற்றைக் காணக் குடும்பத்தோடு செல்வோர், அவ்வூரிலேயே ஒரு சிறு பாறையில் குடையப்பட்ட குகைக்கோவில் இருப்பதைக் காணாமலே திரும்புகின்றனர். சுமார் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. இருபுறமும் முற்றுப்பெறாத சிற்பங்கள். உளி நின்ற இடம் இன்றும் தெரிகின்றது. ஆய் மன்னர் காலத்திலேயே விழிஞம் துறைமுகமாய் விளங்கியது. புதியதென நாம் வியக்கும் துறைமுகம், பழையதன் மறுபிறப்பே ஆகும்.

இனி எல்லையைக் கடப்போம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அண்ணன் ஒரு மாநிலம், தம்பி ஒரு மாநிலம் என்று குடும்பங்கள் ஆயின. நாம் பிழைப்பை நாடி இங்கு வந்து குடியேறியவர்கள். "நாம் எந்த ஊர்க்காரர்?" என்று நம் பிள்ளைகள் வினவும்போது, பலருக்கு விடை தடுமாறுகின்றது. அவ்வினாவிற்கு ஒரு விடை பார்த்திவபுரத்தில் இருக்கின்றது.

புதுக்கடைக்கு அண்மையில் உள்ளது பார்த்திவபுரம் பெருமாள் கோவில். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866ஆம் ஆண்டில் இதனை எழுப்பினான் என்று செப்பேடு கூறுகின்றது. வட்டெழுத்தில், தமிழ் மொழியில் பொறிக்கப்பட்டு, வடசொற்களுக்குக் கிரந்த எழுத்தும் கலந்த ஏடு அது. மன்னன் முஞ்சிறைச் சபையார்க்கு உரிய நிலத்தை வலிந்து பற்றவில்லை. வேறு நிலம் கொடுத்து மாற்றாகப் பெற்றே கோவிலை எடுத்தான். அதனோடு காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு கல்விச் சாலையும் அமைத்தான். அதில் மாணவர் 95 பேர். அவர்களுக்கு உணவும் உறையுளும் உண்டு. ஒருவரையொருவர் இகழலாகாது, படைக்கலத்தோடு சாலைக் கூட்டத்தில் புகலாகாது என்னும் கட்டுப்பாடுகளும் உண்டு. மீறினால் தண்டமும் உண்டு. இற்றை நாள் விடுதிகளுக்கு இவ்விதிகள் பொருந்தா என்று எவர் கூறுவர்? இச்செப்பேடு கிடைத்த இடமோ திருவனந்தபுரத்து உசூர்க் கச்சேரி. ஆகவேதான் 'உசூர் ஆபீசுச் செப்பேடு' என்று அறிஞர் அழைத்தனர். கோவில் இன்று தமிழ்நாட்டில். ஏடு வெளிப்பட்டது இன்றைய கேரளத்தில். 1956இல் வரைந்த கோட்டை அச்செம்பு அறியாது.

குழித்துறை நிலையத்தில் இறங்கினால் சிதறால் மலை தொலைவில்லை. பழம்பெயர் திருச்சாரணத்து மலை. முந்திரி மரங்களின் நிழலில் கற்பாதை ஏறி, இரு பாறைகளின் இடுக்கில் நுழைந்தால், தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையின் முகத்தில் வரிசையாய் வீற்றிருக்கக் காணலாம். அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, ஆய் வேந்தன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவியார் தேவியார்க்குப் பொன் அணிகலன் ஈந்ததைக் கூறுகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு பெண்ணாசிரியரின் பெயர் கல்லில் நிற்கின்றது. பிற்காலத்தில் சமணக்கோவில் பகவதி கோவிலாயிற்று. எனினும் தீர்த்தங்கரர் உருவங்களை எவரும் உடைத்தெறியவில்லை. வந்தவரும் இருந்தவரும் ஒரே மலையில் வாழ்ந்த வரலாறு இது. குடியேறி வாழும் நமக்கு இதனினும் நல்ல பாடம் வேறுண்டோ?

பழமை மட்டுமா காணத்தக்கது? மாத்தூர்த் தொட்டிப்பாலத்தையும் காண்க. காமராசர் காலத்தில் திட்டமிடப்பெற்று 1966இல் முடிந்த இப்பாலம், 115 அடி உயரத்தில், 28 தூண்களின்மேல், பறளியாற்றின் குறுக்கே ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் கால்வாய் நீரைச் சுமந்து செல்கின்றது. புகைவண்டிப் பாலங்கள் பலவற்றைக் கண்ட எமக்கே, ஆற்றின்மேல் மற்றோர் ஆறு நடப்பதைக் கண்டபோது வியப்புத் தாங்கவில்லை.

இனிச் செம்மணற்பாலை. 1979ஆம் ஆண்டு திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் நெல்லைக்கும் இணைப்பு ஏற்பட்டது. நெல்லை சென்று திருச்செந்தூர் வண்டி ஏறலாம். முருகனை வணங்கியவுடன் ஊர் திரும்பிவிடுவது நம் வழக்கம். மேற்கே சாத்தான்குளம் செல்லும் வழியில் பரந்துகிடக்கும் தேரிக்காட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. குதிரைமொழித் தேரி என்பது அதன் ஒரு பகுதி. குங்குமத்தைக் கொட்டிவைத்தாற்போன்ற மணல்மேடுகள்! மணலின்மேல் படிந்துள்ள இரும்புத் துருவே இச்செந்நிறத்திற்குக் காரணம் என்பர் நிலநூலார். தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்களின் வழியே வீசி, உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக் கொணர்ந்து குவித்தது என்றும் கூறுவர். இம்மணலில் பண்டை மாந்தர் பயன்படுத்திய சிறு கற்கருவிகள் கிடைத்தன. சாய்னர், ஆல்சின் என்னும் இரு அறிஞர்கள் 1956ஆம் ஆண்டில் இவற்றைப் பற்றி விரிவாய் எழுதினர்.

பாலை என்றால் நீரில்லையா? இருக்கின்றது. தேரியின் நடுவே மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலும், அருகே சுனையும் உள்ளன. பங்குனி உத்திரத்தன்று வழிவழிக் குடும்பத்தார் ஊர்ஊராய் வந்து கூடுவர். எந்நாட்டில் பிழைத்தாலும் அன்று தம் சாத்தாவைத் தேடி வருவர். புலம்பெயர்ந்தோர்க்கு வேர் எது என்பதை அச்சுனைக்கரையில் நின்று பார்த்தால் விளங்கும்.

நீரைப் பற்றிச் சொன்னதால் ஒன்று கூறவேண்டும். உசுபெக்கு நாட்டில் முய்னாக்கு என்னும் ஊர் முன்னாளில் மீன்பிடித் துறைமுகம். 1960ஆம் ஆண்டுகள் தொடங்கி, பருத்தி வயல்களுக்காக ஆமு, சிர் என்னும் இரு பேராறுகளின் நீரும் திருப்பப்பட்டமையால் ஆரல் கடல் வற்றிச் சுருங்கிற்று. இன்று அவ்வூரில் படகுகள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. கடலோ நெடுந்தொலைவு போய்விட்டது. மனிதன் கையாலேயே ஒரு பாலைவனம் பிறந்தது. நம் எல்லையிலும் நெய்யாற்று இடக்கரைக் கால்வாயின் நீர் விளவங்கோட்டு வயல்களுக்குப் பாய்ந்து வந்தது; 2004ஆம் ஆண்டில் அது நின்றது; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. ஆனால் ஆற்றின் இரு கரையிலும் உறவினர் உடைய நாம், நீர் நின்றால் நிலம் என்னாகும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

அன்பர்களே! இவ்வளவும் கூறியது பொழுதுபோக்கிற்காக அன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கின்றனர், அது நன்றே. இந்த மண்ணின் மொழியைக் கற்பது இந்த மண்ணில் வாழ்வோர் கடன். தமிழோ அடுப்பங்கரை மொழியாய்ச் சுருங்கி வருகின்றது. பாட்டியும் மறைந்தால் அதுவும் மறையும். அம்மொழி இந்நிலத்திற்கு அயல்மொழி அன்று, ஆயிரம் ஆண்டாய் இங்குக் கல்லிலும் செம்பிலும் வாழ்ந்த மொழி என்பதை அவர்கள் கண்ணால் கண்டால், வீதியில் தமிழ் பேச நாணமாட்டார்கள். அதேபோல், மலையாள அண்டை வீட்டார்க்கும் நமக்கும் பழைய வீடு ஒன்றே என்பதையும் உணர்வார்கள்.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஒரு விடுமுறை நாளில் குடியிருப்புக் குடும்பங்கள் ஒன்றுகூடி இத்தகைய ஓர் இடம் செல்லல் வேண்டும். முதலாண்டு சிதறாலும் பார்த்திவபுரமும் ஒரே நாளில் முடியும். சாதாரண வண்டிக் கட்டணம், பொட்டலம் கட்டிய புளிச்சோறு, இவை போதும். தேரிக்குச் செல்வதாயின் மார்கழி, தை மாதங்களில் காலையிலேயே செல்க, காற்று மிகுந்த ஆடி மாதத்தைத் தவிர்க்க, குடிநீரை மறவாதீர், உள்ளூரார் துணையின்றி மணலின் உட்பகுதிக்குச் செல்லாதீர். எங்குச் சென்றாலும் கல்வெட்டின்மேல் சுண்ணம் தீட்டுதலும் எண்ணெய் பூசுதலும் பெயர் கீறுதலும் வேண்டா. குணந்தாங்கிக் குரத்திகளின் பெயர் நின்ற கல்லில் நம் பெயரைக் கீற நமக்கு என்ன உரிமை? பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு வட்டெழுத்தைத் தாளில் வரைந்து வரட்டும். அடுத்த ஆண்டு மலரில் அவற்றை அச்சிடுவோம்.

சமர்க்கந்து செல்லப் பொருள் உடையோர் சென்று வருக, மகிழ்வோம். பொருள் இல்லாதோர் வருந்த வேண்டா. குழித்துறைக்குப் பயணச்சீட்டு மலிவு. அதனை வழங்க எம் போன்றோர் சாளரத்தில் காத்திருக்கின்றோம்.