மீனுக்கு சிலிண்டர் கிடையாது

புதுச்சேரி கடலில் ஸ்கூபா டைவிங் போகிறவர்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முதுகில் ஒரு சிலிண்டர் இருக்கும். அதில் என்ன இருக்கிறது? வெறும் ஆக்சிஜன் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை. பெரும்பாலும் நாம் சுவாசிக்கிற இதே காற்றுதான். அதை அழுத்தி அடைத்திருக்கிறார்கள்.

மனிதன் தன் மூச்சைச் சுமந்துகொண்டு போகிறான். மீனுக்கு சிலிண்டர் கிடையாது. தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனைத்தான் அது செவுளால் எடுத்துக்கொள்கிறது.

வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா? தண்ணீர் மாற்றாமல் விட்டுப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது பசி இல்லை. மூச்சுத் திணறல்.

இப்போது ஓசூர் பக்கம், கெலவரப்பள்ளி அணைக்கு வாருங்கள். பெங்களூரு பக்கமிருந்து தென்பெண்ணை ஆறு வருகிறது. கழிவுநீரையும் சோப்பையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. மதகு திறந்தால் மலைமலையாக வெள்ளை நுரை. அந்தக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள், தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன. பிறகு மீனுக்கு மூச்சு ஏது?

இதே தென்பெண்ணைதான் கடலூர் அருகே கடலில் சேர்கிறது. புதுச்சேரிக்கு அடுத்த கடல் அது. ஆற்றில் விடுவது கடலுக்கும் போகும்.

இன்று துணி துவைக்கும்போது சோப்புத்தூளை ஒரு கரண்டி குறைத்துப் போடுங்கள். மிச்ச எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் கழிவைச் சுத்தம் செய்யாமல் வெளியே விடாதீர்கள்.

மறக்காதீர்கள். மீனுக்கு சிலிண்டர் கிடையாது. அதற்குத் தண்ணீர்தான் மூச்சு.