எதிர்பார்த்தபடி வராத எண்

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே!

வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கம்பெனி பஸ் ஏறாத ஆள் இருக்கும் வீடு குறைவு. அந்தத் தொழிற்சாலைகளில் அளவு தவறிய பாகம் சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். வண்டி செய்கிறவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும் படித்த உங்களில் சிலர் அடிப்படை மருத்துவ அறிவியலில் ஆய்வுக்குப் போகப்போகிறீர்கள். அங்கே உங்களுக்குச் சிவப்புப் பெட்டி கிடையாது. எதிர்பார்த்தபடி வராத எண்ணை மேசைமேல் வைத்துக்கொண்டு, ஏன் இப்படி வந்தது என்று கேட்க வேண்டும். இந்த ஒன்றைப் பழகத்தான் ஐந்தாறு வருடம் ஆகிறது. பிப்பெட் பிடிப்பதெல்லாம் ஆறு மாதத்தில் வந்துவிடும்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அணிந்ததால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற குறைந்த தகுதியோடு வெளியே வந்தார். 1920களில் அமெரிக்கா போய், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். உடல் திரவங்களில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்க இருவரும் சேர்ந்து 1925இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். கரைசல் எவ்வளவு நீலமாகிறதோ அவ்வளவு பாஸ்பேட். உங்களில் சிலர் ரெக்கார்டு நோட்டில் எழுதியே இருப்பீர்கள்.

அதே முறையைத் தசைச் சாற்றில் செய்தபோது நீலம் உடனே ஏறவில்லை. நேரம் போகப் போக மெல்ல ஏறியது. நம் ஆய்வகமாக இருந்தால் 'ரீஏஜென்ட் கெட்டுப்போச்சு, ஊத்திட்டு மறுபடி போடு' என்றிருப்போம். அவர்கள் அந்தத் தாமதத்தையே துரத்திப் போனார்கள். தசைக்குள் எளிதில் உடையும் ஒரு பாஸ்பேட் சேர்மம் இருந்தது. சோதனைக் குழாயிலேயே அது சிறுகச் சிறுக உடைந்துகொண்டிருந்ததால்தான் நிறம் தாமதித்தது. 1927இல் அது பாஸ்போகிரியேட்டின் என்று தெரிந்தது. தசைக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி அதுவரை சொல்லிக்கொண்டிருந்த கதை அதோடு மாறியது. சுப்பாராவுக்கு பிஎச்.டி. பட்டம் வந்தது 1930இல்தான். கண்டுபிடிப்பு முந்தி, பட்டம் பிந்தி. இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு கதை இந்த மண்ணுடையது. காஞ்சிபுரமும் திருவள்ளூரும் தனித்தனி மாவட்டங்கள் ஆகாமல் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த காலம். 1968இல் திருவள்ளூரையும் அதைச் சுற்றிய கிராமங்களையும் எடுத்துக்கொண்டு, பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்க ஒரு பெரும் சோதனை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் முன்னின்று நடத்தின. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. பிறகு வருடக்கணக்கில் ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி வாங்கிப் பார்த்தார்கள்.

ஏழரை ஆண்டுகளின் கணக்கைப் பிரித்து, 1979 வாக்கில் முடிவை வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. பிரிட்டனில் நடந்த சோதனையில் நன்றாக வேலை செய்த அதே பி.சி.ஜி. இங்கே பலிக்கவில்லை. யோசித்துப் பாருங்கள்: நாடு முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கிற ஊசி, இத்தனை பேருடைய உழைப்பு, வந்த விடை 'இல்லை'. அதை மூடி வைக்கவில்லை. பதினைந்து ஆண்டு வரை பின்தொடர்ந்து, 1999இல் அதையும் அச்சிட்டார்கள். விடை மாறவில்லை. இந்திய அறிவியலின் பெருமைக்குரிய நாட்களில் நான் இதையும் சேர்ப்பேன். ராக்கெட் மட்டுமா பெருமை?

களப்பணி அதோடு முடிந்தது, 'ஏன்' மிச்சமிருந்தது. அந்த 'ஏன்' அடிப்படை அறிவியலின் கைக்கு வந்தது. இந்தப் பக்கத்து மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் ஏராளம். நம் உடல் சிறு வயதிலேயே அவற்றைச் சந்தித்துவிடுவதால் ஊசியின் வேலை அடிபட்டுப்போகிறதோ என்பது ஒரு விளக்கம். முழு விடை இன்னும் இல்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை பி.சி.ஜி. தடுக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம். அதை யாரும் தவறவிட வேண்டாம்.

இப்படி 'ஏன்' என்று கேட்க எங்கே போய்ப் படிப்பது? தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அடிப்படை மருத்துவ அறிவியலுக்கென்றே ஒரு முதுநிலை நிறுவனம் இருக்கிறது. 1942 முதல் 1969 வரை துணைவேந்தராக இருந்த மகப்பேறு மருத்துவர் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் பெயர் அதற்கு. உடற்கூறியல், உடலியங்கியல், மருத்துவ உயிர்வேதியியல், மரபியல் எல்லாம் அங்கே உண்டு. எம்.பி.பி.எஸ். இல்லாதவர்களும் அங்கே ஆய்வு செய்யலாம். சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, வேலூரில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000. பணம் மாதாமாதம் ஒன்றாம் தேதி வந்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவர் அல்லாத பிஎச்.டி.காரர்களுக்கு எத்தனை ஆசிரியர் இடம் என்ற விதி மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த ஒரு வேலையை மட்டும் நம்பி ஆய்வுக்குப் போக வேண்டாம். ஒரகடத்தில் சிப்காட் மருத்துவக் கருவிப் பூங்கா 350 ஏக்கரில் வருகிறது. ரத்தச் சர்க்கரை காட்டும் கருவி சரியாகத்தான் காட்டுகிறதா என்று சொல்லத் தெரிந்த ஆள் அங்கேயும் வேண்டும்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய விருதுகளை எண்ணாதீர்கள். அவரிடம் மூன்றாம் வருடம் படிக்கும் மாணவரைத் தனியாக டீக்கடைக்கு அழைத்துப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'சார் நினைத்ததற்கு மாறாக ரிசல்ட் வந்தால் அவர் என்ன சொல்வார்?' பதில் சொல்வதற்கு முன் அவர் சுற்றுமுற்றும் பார்த்தால், டீக்குக் காசு கொடுத்துவிட்டு வேறு ஆய்வகம் பாருங்கள்.

பெற்றோர்களே, உங்கள் மகளோ மகனோ ஆய்வுப் பக்கம் வந்தால், இருபத்தெட்டு வயதிலும் 'படிக்கிறாள்' என்றுதான் உறவுக்காரர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். கல்யாணப் பந்தியில் உட்காரும்போதெல்லாம் கேட்பார்கள். அவள் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்க்கிறாள் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. வீட்டுக்கு வரும்போது 'எப்போ முடியும்' என்று கேட்காமல், 'இந்த மாசம் என்ன அளந்தே, என்ன வந்துச்சு' என்று கேளுங்கள். முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் 'ஒண்ணும் வரலை' என்றுதான் பதில் வரும். அப்போது சாப்பாடு போட்டுவிட்டு, அடுத்த மாதமும் கேளுங்கள்.