மூச்சு வழியே கீமோ: கதை ஏன் இன்னும் முடியவில்லை?

சளி நெஞ்சில் கட்டிக்கொண்டால் குழந்தைக்கு நெபுலைசர் வைக்கிறோம். ஆஸ்துமா உள்ளவர் சட்டைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். நுரையீரலில்தான் நோய், அதனால் மருந்தும் நேரே நுரையீரலுக்கு. அப்படியிருக்க, நுரையீரல் புற்றுநோய்க்கு மட்டும் ஏன் கையில் ஊசி குத்தி மணிக்கணக்காக மருந்து ஏற்றுகிறார்கள்?

மூச்சு வழியே மருந்து கொடுக்கும் கதையின் ஒரு நுனி சென்னையில் இருக்கிறது. இங்கே ஊமத்தையைப் புகைத்து மூச்சிரைப்பைத் தணித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சனிடமிருந்து அதைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட், 1802 வாக்கில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். மேலைநாடுகளில் ‘ஆஸ்துமா சிகரெட்’ என்றொரு சரக்கு இருபதாம் நூற்றாண்டிலும் கடைகளில் விற்றதற்கு வித்து இதுதான்.

இன்ஹேலர் பிறந்தது லாஸ் ஏஞ்சலிஸில். ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசனுக்கு ஆஸ்துமாவால் அவதிப்பட்ட 13 வயது மகள். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் ஏன் ஒரு டப்பாவில் அடைக்கக்கூடாது என்று 1955இல் அவள் கேட்டாள். மறு ஆண்டே மெடிஹேலர் சந்தைக்கு வந்துவிட்டது.

புற்றுநோய் பக்கம் வருவோம். 1980களில் ஜப்பானில் தட்சுமுரா என்ற மருத்துவரின் குழு, 5-ஃப்ளூரோயூராசில் என்ற கீமோ மருந்தை நெபுலைசரில் ஊற்றி நோயாளிகளைச் சுவாசிக்கச் செய்தது. அறுவையில் வெளியே எடுத்த கட்டியைச் சோதித்தபோது, சுற்றியிருந்த திசுவைவிடக் கட்டியில் மருந்து கூடுதலாக இருந்தது. சிலருக்குக் கட்டி சுருங்கவும் செய்தது. இனி எல்லாம் சுலபம் என்று அன்றைக்கு யாராவது நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து டாக்ஸோரூபிசின். ரத்தச் சிவப்பு நிறம். ஊசி வழியில் ஏற்றினால் இதயத்தைக் கெடுக்கும். ரத்தக்குழாயிலிருந்து கசிந்தால் சதையைப் புண்ணாக்கும். இதை மூச்சில் கொடுப்பதா? முதலில், தானாகவே நுரையீரல் கட்டி வந்த நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999இல் முடிவு வெளியானது. பிறகு அமெரிக்காவில் 53 மனிதர்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில் ரத்தத்துக்குள் மருந்து சொற்பமாகத்தான் போயிருந்தது. நினைத்தது நடந்தது. ஆனால் அளவைக் கூட்டியபோது நுரையீரலே தாங்கவில்லை. ஒரே ஒருவருக்குத்தான் கட்டி குறிப்பிடும்படி சுருங்கியது. ஊசி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த அடுத்த ஆய்வும் வைத்திருந்த இலக்கை எட்டவில்லை.

எங்கே இடித்தது? மருந்துத் துளி 1 முதல் 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். பெரிதானால் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும், மிகச் சிறிதானால் பெரும்பகுதி வெளிமூச்சோடு போய்விடும். இதைக் கருவிகள் ஓரளவு சமாளித்துவிட்டன. என்னைக் கேட்டால், பெரிய முட்டுக்கட்டை வேறு. துளி போவது காற்றோடு. கட்டி மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்குக் காற்றே போவதில்லை. வாய்க்கால் அடைத்த வயலுக்கு மடையை எவ்வளவு திறந்துவிட்டாலும் தண்ணீர் பக்கத்து வயலுக்குத்தானே பாயும்? அப்படி மருந்து நல்ல பகுதியில் போய் இறங்கி அதைப் புண்ணாக்குகிறது. போதாக்குறைக்கு, இந்த நோயாளிகளில் பலர் நீண்டகாலம் புகைபிடித்து ஏற்கெனவே நுரையீரல் நைந்தவர்கள். ஆஸ்துமாவுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே மருந்து வேலை செய்ய வேண்டிய இடமே காற்றுக்குழாயின் சுவர்தான். இன்ஹேலர் மருந்தும் மைக்ரோகிராம் கணக்குதான்.

அறைக்குள் நிற்கும் நர்ஸையும் மறக்க வேண்டாம். நோயாளி வெளிவிடும் காற்றில் கீமோ மருந்து கலந்திருக்கும். அதனால் வடிகட்டி வைத்த கருவி, தனியான காற்றோட்டம் உள்ள இடம், பாதுகாப்பு உடை எல்லாம் வேண்டும். ஆஸ்துமாவுக்கு மாதிரி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளும் மருந்தல்ல இது.

சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தைக் கொழுப்பு உறைக்குள் பொதிந்து மெதுவாகக் கசியவிடும் உத்தியை டிரான்ஸேவ் என்ற அமெரிக்க நிறுவனம் முயன்றது. 2007இல் வந்த முதற்கட்ட ஆய்வில் 17 பேர். பக்கவிளைவு தாங்கும்படிதான் இருந்தது. நுரையீரல் புற்றுநோய்க்கான மருந்தாக அது கடைசிவரை வரவில்லை. அதே கொழுப்புறையில் அமிகாசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை அடைத்தார்கள். டிரான்ஸேவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட இன்ஸ்மெட் நிறுவனம், பிடிவாதமான ஒருவகை நுரையீரல் தொற்றுக்கு 2018இல் அதற்கு அமெரிக்க ஒப்புதல் வாங்கியது. புற்றுநோய் வரிசையில் நிற்கும்போதே வேறு நோய் முந்திக்கொண்டு உள்ளே போய்விட்டது.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் ஒரு பல்கலைக்கழகக் குழு சிஸ்பிளாட்டினை உலர்ந்த பொடியாக்கியிருக்கிறது. பொடி என்றால் நீண்ட நேரம் மூடுபனியை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். சில மூச்சுகளில் வேலை முடியும், அறைக்குள் சிதறுவதும் குறையும். ஒரேயடியாகப் பெரிய அளவில் கொடுக்காமல், ஊசி கீமோவுக்கு நடுவே உள்ள நாட்களில் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அடைத்த குழாய்க்குள் பொடியும் போகாதுதான். எனவே இன்றைக்கு அதற்கு ஊசியின் துணை வேண்டியிருக்கிறது.